டாக்டர் பதில்கள்: கஞ்சா யாருக்கு உதவும், யாரைக் கெடுக்கும்?

சென்ற இதழில் தூக்கமின்மை பற்றி எழுதியபோது, கஞ்சா பிடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்று நம்பி மாட்டிக்கொள்பவர்களைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள். எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து என்பவர்கள் ஒரு பக்கம், தொட்டாலே பைத்தியம் பிடிக்கும் என்பவர்கள் மறுபக்கம். நான் மனநல மருத்துவர். கஞ்சாவால் மனம் சிதைந்து வந்தவர்களையும் பார்க்கிறேன், அதிலிருந்து எடுத்த மருந்தால் வலிப்பு குறைந்த குழந்தைகளையும் பார்க்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதற்குள் போகவில்லை. உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகும் என்பதை மட்டும், கேட்பவர் யார் என்று பார்த்துச் சொல்கிறேன். ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வயது 19. வார இறுதியில் நண்பர்களோடு கஞ்சா புகைப்பேன். குடியைவிட இது எவ்வளவோ மேல், கஞ்சா அடித்து யாரும் செத்ததில்லை என்கிறார்கள். சரிதானே? என் சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே மனநோய் வந்து, இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் எனக்கு ஏதாவது வருமா?

தம்பி, போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமானது அதுதான். முதலில் நண்பர்கள் சொன்னதை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஹெராயின் போன்றவை அளவு மீறினால் மூச்சை நிறுத்திவிடும். கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி. என்ற பொருள் போய் ஒட்டும் ஏற்பிகள், மூச்சை நடத்துகிற மூளைத்தண்டுப் பகுதியில் மிகக் குறைவு. அதனால் அப்படிப்பட்ட மரணம் இதில் நேர்வதில்லை. மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. போதையோடு வண்டி ஓட்டினால் விபத்து வாய்ப்பு கூடும். புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு உயர்வதை 2001-ல் வந்த ஆய்வு காட்டியது. அப்புறம், ஏதோ ஒரு காய்ந்த இலைமேல் ரசாயனத்தைத் தெளித்து 'ஸ்பைஸ்' போன்ற பெயர்களில் விற்கிறார்கள். அது கஞ்சாவே இல்லை. அதே ஏற்பிகளை டி.எச்.சி.யைவிடப் பல மடங்கு வலுவாகத் தாக்குகிற செயற்கைச் சரக்கு. வலிப்பும் மரணமும் அதில் நடந்திருக்கின்றன.

இப்போது உங்கள் சித்தப்பா. சுவீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்த விகிதம், பிடிக்காதவர்களைவிட 6 மடங்கு. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அது இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வந்து நின்றது. 2019-ல் ஐரோப்பாவையும் பிரேசிலையும் சேர்த்து 11 இடங்களில் எடுத்த கணக்கில், தினமும் பிடிப்பவர்களுக்கு மனப்பிறழ்வு, அதாவது எது நிஜம் எது பிரமை என்று தெரியாமல் போகிற நிலை, வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. டி.எச்.சி. 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ள சரக்கைத் தினமும் பிடிப்பவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. சரக்கின் வீரியமும் ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1995-ல் சுமார் 4 சதவீதம், 2014-ல் சுமார் 12. உங்கள் அப்பா காலத்து ஆட்கள் பிடித்ததும் நீங்கள் பிடிப்பதும் ஒன்றல்ல.

கஞ்சா பிடிக்கிற பெரும்பாலோருக்கு மனநோய் வருவதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். மனநோய்க்கான மரபணு இருப்பவர்களே கஞ்சா பக்கம் அதிகம் சாய்கிறார்கள் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. கஞ்சாவால் அறிவுத்திறன் குறையும் என்பதிலும் இப்படி ஒரு விவாதம் நடக்கிறது. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் பிறந்த 1,037 பேரை 38 வயதுவரை பார்த்ததில், பதின்வயதில் தொடங்கி விடாமல் பிடித்தவர்களுக்கு ஐ.கியூ. 8 புள்ளி வரை இறங்கியிருந்தது. இரட்டையர்களை ஒப்பிட்ட இன்னொரு ஆய்விலோ, பிடித்தவருக்கும் பிடிக்காத உடன்பிறப்புக்கும் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதனால் ஐ.கியூ.வைக் காட்டி நான் பிள்ளைகளைப் பயமுறுத்துவதில்லை.

ஆனால் ரத்த உறவில் ஒருவருக்கு மனநோய் இருக்கிறது, வயது 19, மூளை இன்னும் வளர்ந்து முடியவில்லை என்று மூன்றும் சேர்ந்து என் முன்னால் உட்காரும்போது எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இதுவரை பிடித்தபோது எப்போதாவது, நண்பர்கள் நம்மைப் பற்றித்தான் கிசுகிசுக்கிறார்கள், யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்று தோன்றியிருக்கிறதா? போதை இறங்கிய மறுநாளும் அந்த நினைப்பு போகவில்லையா? ஆமென்றால், அடுத்த வாரம் என்று தள்ளாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சித்தப்பாவைப் பற்றி அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கணவருக்குக் கீமோ நடக்கிறது. ஓயாத வாந்தி. கஞ்சா எண்ணெய் வாந்தியை நிறுத்தும், புற்றுநோயையே குணமாக்கும் என்று உறவினர் ஒருவர் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?

அம்மா, இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. வாந்திக்கு உதவும் என்பது உண்மை. டி.எச்.சி.யை ஆய்வகத்தில் செய்து மாத்திரையாக்கிய டிரோனபினால், அதைப் போன்ற நபிலோன் இரண்டுக்கும் கீமோ வாந்திக்காக அமெரிக்காவில் 1985-லேயே அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு இன்னும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஒண்டன்செட்ரான், அப்ரெபிடன்ட், ஒலன்சபின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் வாந்தி அடங்கும். கஞ்சா வகை மருந்து, இவை கேட்காதபோது யோசிக்கிற ஒன்று. ஓயாத வாந்தி என்று புற்றுநோய் மருத்துவரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். பல பேர் கீமோ என்றால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டு சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் கிடையாது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் செத்ததை வைத்துச் சொல்கிறார்கள். தட்டில் செல்லைக் கொல்கிற பொருள் எத்தனையோ உண்டு. அந்த எண்ணெயை நம்பி ஒரு கீமோவைக்கூடத் தள்ளிப்போட வேண்டாம். உறவினரிடம் சண்டையும் வேண்டாம், அவர் பாசத்தில்தான் வாங்கி வந்திருக்கிறார்.

என் 6 வயது மகளுக்கு டிராவே சிண்ட்ரோம் என்ற கடுமையான வலிப்பு நோய். மூன்று மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. சி.பி.டி. எண்ணெய் கொடுத்தால் குழந்தைக்குப் போதை ஏறிவிடுமோ என்று பயம்.

உங்கள் மகள் விஷயத்தில் என் பதில் முழுக்க வேறு. சி.பி.டி. என்பதும் கஞ்சாச் செடியில் இருப்பதுதான், ஆனால் டி.எச்.சி. மாதிரி போதை தராது. டிராவே சிண்ட்ரோம் உள்ள 120 குழந்தைகளிடம் செய்த சோதனை 2017-ல் வெளியானது. மருந்து கொடுத்த குழந்தைகளில் வரிசையின் நடுவில் நிற்கும் குழந்தைக்கு மாதத்துக்கு 12 வலிப்பு என்று இருந்த கணக்கு 6-க்கு இறங்கியது. வெறும் பாவனை மருந்து கொடுத்தவர்களிடம் அது 15-லிருந்து 14 ஆனதோடு சரி. இதையும் மற்ற சோதனைகளையும் வைத்து 2018-ல் தூய்மைப்படுத்திய சி.பி.டி. மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வலிப்பு அடியோடு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதியாகக் குறைந்தாலே வீட்டில் இரவு எப்படி மாறும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது எந்த எண்ணெய் என்பது. இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களை 2017-ல் சோதித்தபோது, லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தவை 26 மட்டுமே. 18-ல் டி.எச்.சி. கலந்திருந்தது. குழந்தைக்குப் போதை ஏறுமோ என்ற உங்கள் பயம் அந்த மாதிரிப் புட்டிகளைப் பொறுத்தவரை நியாயமான பயம். நரம்பியல் மருத்துவர் எழுதித் தருகிற மருந்துத் தரம் உள்ளதை மட்டும் கொடுங்கள். இப்போது கொடுக்கும் மருந்தில் வால்ப்ரோயேட் இருந்தால் கல்லீரல் பரிசோதனை கட்டாயம். க்ளோபசாம் இருந்தால் குழந்தை அதிகமாகத் தூங்கிவழியும், அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

வயது 31. ஒரு வருடமாகத் திடீர் திடீரென்று வாந்தி. எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது. பல வருடமாகத் தினமும் கஞ்சா பிடிக்கிறேன். பிடித்தால் குமட்டல் அடங்குவதால் இப்போது அதிகமாகப் பிடிக்கிறேன். வேறு என்ன சோதனை செய்யலாம்?

சோதனைக்கு முன்னால் ஒரு கேள்வி. வாந்தி வரும்போது வெந்நீரில் குளித்தால் குறைகிறதா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், வயிற்று மருத்துவர் ஒருவர் என்னிடம் அனுப்பிய இளைஞர் ஒருவரின் வயிற்றுத் தோல் வலை போட்ட மாதிரி சிவந்து கறுத்திருந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி ஊற்றி வந்த தழும்பு. வாந்தி தொடங்கினால் குளியலறையைவிட்டு வெளியே வர மாட்டார் என்று அவர் மனைவி சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கும் குழாய்க்கு அடியில் உட்கார்ந்திருப்பாராம். எல்லாச் சோதனையும் முடிந்திருந்தது. கஞ்சா பிடிப்பீர்களா என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை, அவரும் சொல்லியிருக்கவில்லை.

நாள்பட்ட கஞ்சாப் பழக்கத்தால் வரும் இந்த வாந்தி நோயை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2004-ல் முதன்முதலாக விவரித்தார்கள். கொஞ்ச அளவில் குமட்டலை அடக்கும் அதே பொருள், வருடக்கணக்கில் தினமும் உள்ளே போனால் சிலருக்கு எதிராகத் திரும்புகிறது. வழக்கமான வாந்தி ஊசி சரியாகக் கேட்காது, வெந்நீர் மட்டும் கொஞ்ச நேரம் தாங்கும். தீர்வு ஒன்றுதான், கஞ்சாவை முழுக்க நிறுத்துவது. நிறுத்திய அன்றே சரியாகாது, வாரங்கள் ஆகலாம். அதனால்தான் பலர் 'நிறுத்தியும் போகவில்லை' என்று திரும்பவும் தொடங்கிவிடுகிறார்கள். தொடர் வாந்தியில் நீர்ச்சத்து வற்றிச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் உண்டு. சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போனதும் கஞ்சாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

வயது 68. முதுகுவலி தீரவில்லை. இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கே முதியவர்கள் வலிக்குக் கஞ்சா எடுக்கிறார்கள் என்கிறான்.

எடுக்கிறார்கள் ஐயா. நாள்பட்ட வலிக்கு உதவுகிறது என்று 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகளின் குழுவும் சொன்னது. ஆனால் பலன் சிறியது. 24 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகத் தேறுகிறார், 6 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தலைசுற்றல் போன்ற தொல்லை வருகிறது என்பது 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்கு. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021-ல் இதைப் பரிந்துரைக்க மறுத்தது.

உங்களுக்குக் கஞ்சா வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ள நீங்கள் சாப்பிடும் வார்ஃபரின். கஞ்சாப் பொருள்கள் கல்லீரலில் அந்த மருந்து கரைவதைத் தடுத்து, ரத்தம் அளவுக்கு மீறி இளகிப்போகச் செய்யலாம். அத்தோடு தலைசுற்றி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தின்பண்டமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று மகன் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். வயிற்று வழியாகப் போனால் வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஏறவில்லையே என்று இன்னொன்று சாப்பிட்டுத்தான் பலர் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், மசக்கைக்குக் கொஞ்சம் புகைத்தால் தப்பா?

வேண்டாம் அம்மா. டி.எச்.சி. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், பிறப்பு எடை குறையும். கடைசியாகப் பிடித்து 6 நாள் வரை தாய்ப்பாலில் தெரிகிறது, எனவே பால் கொடுக்கும் காலத்துக்கும் இதே பதில். மசக்கைக்குப் பாதுகாப்பான மாத்திரைகள் இருக்கின்றன, மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள்.

வயது 27. விட்டுவிட வேண்டும் என்று நினைத்து இரண்டே நாளில் தோற்றுப்போகிறேன். கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டோம் என்றார்களே?

ஆவார்கள். பிடித்துப் பார்த்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர், பதின்வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். எல்லோரும் இல்லை என்பதால் யாருமே இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டு நாளில் தோற்கிறீர்கள் என்றால், சரியாக உடம்பு எதிர்க்கத் தொடங்கும் நேரத்தில் முயற்சியைக் கைவிடுகிறீர்கள். எரிச்சல், பசியின்மை, வியர்வை, தூக்கமில்லாமை எல்லாம் முதல் ஓரிரு நாளில் ஆரம்பித்து முதல் வாரத்துக்குள் உச்சிக்குப் போகும். பிறகு இறங்கும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். கனவுகள்தான் எல்லோரையும் மிரட்டும். கஞ்சா கனவுத் தூக்கத்தைக் குறைத்து வைத்திருந்தது, நிறுத்தியதும் அது மொத்தமாகத் திரும்பி வருகிறது. துரத்துவது, விழுவது, செத்தவர்கள் வந்து பேசுவது என்று துல்லியமான கனவுகள். மனநோய் வருகிறதோ என்று பயந்து மறுபடி ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். தூக்கத்தில் மட்டும் வந்து விழித்ததும் போய்விடுகிற கனவு நோய் இல்லை.

வேலை நெருக்கடி இல்லாத வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது காரணத்தைச் சொல்லி, இந்த வாரம் எரிந்து விழுந்தால் பெரிதாக எடுக்காதே என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் வைத்திருக்கும் பொட்டலத்தை முதல் நாளே ஒழித்துவிடுங்கள், மூன்றாம் நாள் ராத்திரி அது கையில் இருக்கக் கூடாது. புகையிலையோடு கலந்து பிடித்துவந்தால் நிகோட்டினும் சேர்த்து இழுக்கும், அதற்குத் தனியாக நிகோட்டின் சூயிங்கம் உதவும். தூக்கத்துக்கு நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அது இன்னொரு பழக்கமாகிவிடும். விழித்திருக்கும்போதே குரல் கேட்டாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.