200-ஐ விட்டால்தான் 400 வருமா?

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள் 200 மீட்டரை 29.0 விநாடியிலும் 400 மீட்டரை 64.5 விநாடியிலும் ஓடுகிறாள். 400-ல் கடைசி நூறு மீட்டரில் கால் கட்டிப்போட்டது போல் ஆகிவிடுகிறது. "200-ஐ விட்டுவிடு, 400-க்கு மட்டும் தயாராகு" என்கிறார் பி.இ.டி. சார். அவளோ, பிரான்ஸின் மரி-ஜோசே பெரெக் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டிலும் தங்கம் வாங்கியதைச் சொல்லி அடம்பிடிக்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நான் மகள் கட்சி. ஆனால் அவள் காட்டும் உதாரணத்தைக் கொஞ்சம் முழுசாகப் பார்க்க வேண்டும்.

குவாதலூப் தீவில் பிறந்த பெரெக், 1988-ல் தன் முதல் ஒலிம்பிக்கான சியோலில் ஓடியது 200 மீட்டர். 400-ல் உலகப் பட்டம் வந்தது 1991-ல், டோக்கியோவில். அதே ஆண்டு 100 மீட்டரை 10.96-ல் ஓடியிருக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்த ஆண்டு பார்சிலோனாவில் 48.83-ல் ஒலிம்பிக் தங்கம். அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1993 உலகப் போட்டியில் 400-ஐ ஒதுக்கிவிட்டு 200 ஓடினார். அங்கே பதக்கம் இல்லை, நான்காவது இடம்தான். ஆனால் அவருடைய 200 மீட்டர் சிறந்த நேரமான 21.99 அந்த ஆண்டில் வந்ததுதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இரண்டு தங்கமாக அவர் அறுவடை செய்தது இந்த வேகத்தைத்தான் என்பது என் கணிப்பு.

அந்த 400 இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமன் கடைசி நேர்கோடு வரை விடாமல் கூடவே வந்தார். அங்கே பெரெக் விலகிப் போனதைப் பார்த்தால் வேகத்தைக் கூட்டியது போலத் தெரியும். உண்மையில் அந்த இடத்தில் யாராலும் கூட்ட முடியாது. இருவருமே தளர்கிறார்கள், பெரெக் குறைவாகத் தளர்கிறார். 48.25, ஃப்ரீமனுக்கு 48.63. மூன்று நாள் கழித்து 200-ல் ஜமைக்காவின் மெர்லீன் ஓட்டியை முந்தி 22.12. (அந்த 48.25 ஒலிம்பிக் சாதனையாக 28 ஆண்டு நின்றது. 2024-ல் பாரிஸில், பெரெக் தீபம் ஏற்றிய ஒலிம்பிக்கிலேயே, டொமினிகன் குடியரசின் மரிலெய்டி பவுலினோ 48.17 ஓடி உடைத்தார்.)

இப்போது ஒரு கணக்கு. 200 நேரத்தை இரட்டித்து 400 நேரத்திலிருந்து கழியுங்கள். மிச்சம் குறையக் குறைய, தாங்கும் சக்தி அதிகம் என்று அர்த்தம். பெரெக்கின் சிறந்த நேரங்களில் 48.25-லிருந்து 43.98 போக மிச்சம் 4.27. உங்கள் மகளுக்கு 58 போக 6.5. இந்த வயதுக்கு இது மோசமே இல்லை, தாங்கும் சக்தி ஓரளவு இருக்கிறது. தடையாக நிற்பது அந்த 29.0 தான். அது 28-க்கு இறங்கினால் 400 தானாக இறங்கும். 200-ஐ விட்டால் அந்த வழியே அடைபடும்.

கால் கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொடக்கம். அடுத்த முறை 200 மீட்டர் கோட்டில் நின்று ஸ்டாப்வாட்ச்சைப் பாருங்கள். 30 விநாடிக்குள் கடந்தால், தன் முழு வேகத்துக்குப் பக்கத்தில் பாதி தூரம் ஓடிவிட்டாள் என்று அர்த்தம். 31-ல் கடக்கச் சொல்லுங்கள். பின்பாதி 33 வந்தாலும் 64 தான்.

பயிற்சியில் வாரம் ஒரு நாள் 120 அல்லது 150 மீட்டர், நான்கைந்து முறை, நடுவில் மூச்சு முழுசாக அடங்கும்வரை ஓய்வு. இன்னொரு நாள் 300 மீட்டர் இரண்டு போதும். தினமும் 400 ஓடவைப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

சார் சொல்வதில் நியாயமான பகுதியும் உண்டு. பெரெக் 400-ஐ முடித்த பிறகுதான் 200-ஐத் தொடங்கினார். மகளின் போட்டியில் இரண்டும் ஒரே மாலையில் வந்தால், அன்றைக்கு ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுங்கள்.