முயல் படம் போட்ட பொட்டலம்

போன வாரம் இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதியில் கூண்டு விலையைப் பற்றி எழுதும்போது 'முயல்' என்று ஒரு சொல் தெரியாத்தனமாக விழுந்துவிட்டது. இந்த வாரம் வந்த தபாலில் பாதி முயல்தான். மிக்ஸி, இன்வெர்ட்டர்காரர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

முயலுக்குத் தினமும் அரைக் கிலோ கேரட் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மலிவாக எங்கே கிடைக்கும்? (மண்டபம்)

வாங்காதீர்கள். கேரட்டில் இனிப்பு அதிகம். வாரத்தில் இரண்டு நாள், கட்டைவிரல் அளவுத் துண்டு போதும். மற்ற நேரமெல்லாம் புல். வாய்க்கால் ஓரத்து அருகம்புல்லுக்கு யாரும் விலை கேட்பதில்லை.

காக்கா (அண்ணன்), லீவுக்கு வந்த பிள்ளைகள் முயலுக்குப் பிஸ்கட், தொதல் இனிப்பு எல்லாம் கொடுக்கிறார்கள். அதுவும் ஆசையாகத் தின்கிறது. கொஞ்சமாகக் கொடுத்தால் தப்பில்லையே? (கீழக்கரை)

தப்புத்தான், தங்கச்சி. ஆசையாகத் தின்கிறது என்பதெல்லாம் ஒரு அத்தாட்சியா? எனக்கு டாக்டர் வேண்டாமென்று சொன்னதையெல்லாம் நான் ஆசையாகத்தான் தின்கிறேன். முயலின் குடல் நாரைச் செரிக்கவென்றே அமைந்தது. மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் அங்கிருக்கும் நல்ல கிருமிகள் நிலைகுலைந்து, கெட்டவை பெருகி, வயிறு உப்பிக் குடல் நின்றுபோகும். நாயோ பூனையோ ஆகாததைத் தின்றால் கக்கிவிடும். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. பிஸ்கட், ரொட்டி, சாதம், முறுக்கு, சாக்லேட் எதுவும் வேண்டாம். சாக்லேட் விஷமே. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் கிடந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருந்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தொதல் மிச்சமானால் என் விலாசம் உங்களுக்குத் தெரியும்.

கடையில் 'முயல் தீனி' என்று அரைக் கிலோ பொட்டலம் கொடுத்தார்கள். பில் இல்லை. நான்கே நாளில் முயல் சோர்ந்து படுத்து இறந்துவிட்டது. மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடைக்காரர் 'நீங்கள் வளர்த்த லட்சணம்' என்கிறார். (தேவிபட்டினம்)

மகளிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். கடைக்காரரின் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கேட்டு வாங்கியவர் நீங்கள், தெரியாமல் விற்றவர் அவர்.

இந்தப் பொட்டல வியாபாரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. பெரிய மூட்டையைப் பிரித்துப் பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, மேலே முயல் படம் ஒட்டினால் அது முயல் தீனியாகிவிடுகிறது. அதே மூட்டையில் அள்ளியதற்குப் புறா படம் ஒட்டினால் புறா தீனி. யார் பொட்டலம் போட்டது, எடை எவ்வளவு, எந்த மாதம் போட்டது, அதிகபட்ச விலை என்ன, புகார் சொல்ல எந்த நம்பர் என்பதெல்லாம் மேலே இருக்க வேண்டும் என்று 2011-ஆம் வருட பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. நம் ஊர்ப் பொட்டலத்தில் இருப்பது முயலின் இரண்டு காது மட்டும்.

லேபிள் வெறும் சம்பிரதாயம் இல்லை. மூட்டையில் இருந்தது கோழித்தீவனமாக இருக்கலாம். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் சேர்க்கும் மருந்துகளில் சில முயலைக் கொன்றுவிடும். அடுத்தது நம் கடற்காற்று. உப்பு டப்பாவே கட்டிதட்டும் ஊரில், திறந்த மூட்டையில் கிடக்கும் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் என்ன ஆகும்? பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, வெயிலில் காயவைத்தாலும் முழுசாகப் போகாது. நேராக ஈரலைப் பிடிக்கும். அதைத் தாங்க முடியாத பிராணிகளில் முயலும் ஒன்று.

நானும் ஏமாந்தவன்தான். மதுரையில் ஒரு கடையில் 350 ரூபாய் கொடுத்துக் கலர் கலராக ஒரு கலவை வாங்கி வந்தேன். சூரியகாந்தி விதை, சோளம், சிவப்பும் பச்சையுமாக உருண்டைகள். பார்க்கத் தேன்மிட்டாய்க் கடை மாதிரி இருந்தது. எங்கள் முயல் விதையையும் இனிப்பையும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைக் கால்களால் தள்ளியது. புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முயலின் பல் சாகும்வரை வளரும், புல்லை அரைத்தால்தான் தேயும். ஆறு மாதத்தில் பல் நீண்டு வாயை மூட முடியாமல் போய், டாக்டரிடம் வெட்டக் கொடுத்தோம். அந்தக் காசுக்கு ஒரு ஆடே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முயலைப் புதைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் தீனிதான் காரணம் என்று நிரூபிப்பது சிரமம். ஆனால் லேபிள் இல்லாமல் விற்றதற்கு மிச்சப் பொட்டலம் ஒன்றே சாட்சி. அதை அப்படியே வைத்திருங்கள், கோழிக்குப் போட்டுவிடாதீர்கள். தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள். பில் கொடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான்.

எங்கள் பக்கம் ஆடுகள் சவுண்டல் (சூபாபுல்) இலை, சீமைக்கருவேல் நெற்று எல்லாம் தின்று நன்றாகத்தான் இருக்கின்றன. முயலுக்கும் போட்டால் செலவு மிச்சமாகுமே? (திருப்புல்லாணி)

ஆடு அசைபோடும் பிராணி. சவுண்டலில் மைமோசின் என்று ஒரு நஞ்சு உண்டு. அதை முறிக்கும் கிருமிகள் நம் ஆட்டின் வயிற்றில் இருக்கின்றன. முயல் அதையே வழக்கமாகத் தின்றால் முடி கொட்டும், எடை குறையும். சீமைக்கருவேல் நெற்று வாயில் வைத்தாலே இனிக்கும், கேரட் பதிலை மறுபடி படிக்கவும். எருக்கு, அரளி, ஆமணக்கு இருக்கும் பக்கம் முயலை மேய விடவே கூடாது. வேலிமசால் என்ற தீவனப் பயிரைப் போடலாம். செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டுவிட்டுச் செய்தீர்களே.

ஹோட்டலில் மிச்சமாகும் காய்கறிக் கழிவைப் போடலாமா? (பாம்பன்)

வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு கூடவே கூடாது. ரத்த அணுக்களை உடைத்துவிடும். முளைவிட்ட, பச்சையேறிய உருளைக்கிழங்கு கூடாது, தக்காளிச் செடியின் இலையும் தண்டும் கூடாது. ஜூஸ் போடும் பட்டர் ஃப்ரூட்டின் தோல், கொட்டை, சதை எதுவுமே ஆகாது. கொத்தமல்லித் தழை, புதினாக் காம்பு, முள்ளங்கி இலை தாராளமாகப் போடலாம். ஹோட்டல் கழிவில் இவற்றைத் தனியாகப் பிரிக்க ஒருவரும் மெனக்கெட மாட்டார்கள் என்பதால், பதில் 'வேண்டாம்'.

முயலுக்குச் சளி மாதிரி இருக்கிறது. பையனுக்கு எழுதிய அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறது. எத்தனை சொட்டு? (ஏர்வாடி)

ஒரு சொட்டும் கூடாது. அந்த மருந்து வாய்வழி போனால் முயலின் குடல் கிருமிகளை அழித்து ஆளையே முடித்துவிடும்.

காட்டு முயல் குட்டி தருவதாக ஒருவர் சொல்கிறார். விலை சரியா? (சாயல்குடி)

விலை ஜெயில். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972.

திருவிழாக் கடையில் 'இதற்கு மேல் வளராத ரகம்' என்று இரண்டு முயல் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். பசும்பால் கொடுக்கிறோம், வயிற்றோட்டம் நிற்கவில்லை. என்ன பால் மாற்றுவது? (தொண்டி)

வளராத ரகம் இல்லை, வளராத வயசு. தாயிடமிருந்து பிடுங்கி வந்த குட்டிகள் அவை. எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். வயது கேட்கவில்லை, பில் வாங்கவில்லை, என்ன தின்னும் என்றும் கேட்கவில்லை. செல்போன் கவர் வாங்கினால்கூட இதைவிட நான்கு கேள்வி கேட்டிருப்பீர்கள். என்ன பால் என்று எனக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். இப்போதாவது போங்கள். பசும்பாலை நிறுத்துங்கள்.

ஆன்லைனில் 'இறக்குமதி டிமோத்தி புல்' வாங்கினேன். பிரித்தால் பூஞ்சை வாடை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார்கள். வெயிலில் காயவைத்துப் போடலாமா? (உச்சிப்புளி)

போடாதீர்கள். பூஞ்சை புல் முயலுக்குக் குடலையும் மூச்சையும் கெடுக்கும். 'திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பெட்டி, பில், புல் மூன்றையும் படமெடுத்து முதலில் விற்றவருக்கு எழுதுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

நானும் ஒருமுறை இதே மாதிரி வாங்கி, முப்பது நாள் தாண்டியபிறகுதான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது வைக்கோல். இப்போது மாம்பழம் பழுக்கவைக்க உதவுகிறது.