அசைவத்தை நிறுத்தியதும் முடி கொட்டுவது ஏன்?

அசைவத்தை விட்டு இரண்டு மூன்று மாதத்தில் சீப்பு நிறைய முடி வந்தால், பெரும்பாலும் அது ‘டெலோஜென் எஃப்ளூவியம்’. பெயர்தான் பயமுறுத்தும். வளர வேண்டிய முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், பிறகு சேர்ந்து உதிர்கின்றன, அவ்வளவுதான். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது.

வீட்டில் வரும்படி குறைந்தால் அரிசியிலும் வாடகையிலும் கைவைக்க மாட்டோம். முதலில் கேபிளை நிறுத்துவோம். உடம்புக்கு முடிதான் அந்தக் கேபிள். இரும்புச்சத்தோ புரதமோ குறைந்தால் முதலில் அதன் பங்கு வெட்டப்படும்.

பல வீடுகளில் நடப்பது இது: தட்டிலிருந்து மீன் போய்விடும், அந்த இடத்துக்கு இன்னொரு கரண்டி சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வரும். பருப்பு, சுண்டல், பனீர், தயிர் எதுவும் கூடியிருக்காது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதுபோல எளிதில் உடம்பில் சேராது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இன்னும் குறையும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் கூடும். துத்தநாகக் குறைவு, சட்டென்று எடை இறங்குவது ஆகியவையும் காரணமாகலாம். வைட்டமின் பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருக்கும் என்பதால், மூன்றே மாதத்தில் அதன்மேல் பழி போடுவது அவசரம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு பெர்ரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் இரும்பு மாத்திரை வேண்டாம்.

அப்புறம், சைவத்துக்கு மாறினால் வழுக்கை விழும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த உதிர்வில் முடியின் வேர்ப்பை அழிவதில்லை, குறை சரியானால் சில மாதங்களில் மறுபடி முளைக்கும்.