மழை, குளிர் நாட்களில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மீன், கருவாட்டு வாடை வீட்டில் தங்காமல் இருக்க என்ன செய்யலாம்? யாராவது வீட்டுக்கு வந்தால் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கேள்வியில் "யாராவது வீட்டுக்கு வந்தால் கூச்சமாக இருக்கிறது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் சமையலறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் சந்துப் பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். வட சென்னையில் பாதி வீடுகள் அப்படித்தான். நம் ஊரில் குளிருக்குப் பயந்து யாரும் ஜன்னலை மூடுவதில்லை. ஜனவரி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல், மார்கழியில் பனி, சாயங்காலம் ஆனால் கொசு. இதற்குத்தான் மூடுகிறோம். வாடையைவிடப் பெரிய தொல்லை ஈரம். துணி காயாது, சுவர் காயாது. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை அந்த ஈரத்துணியில்தான் போய் ஒட்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வலிக்கிற கதை.

நான் காசிமேட்டில் பிறந்தவள், இப்போது இருப்பது தண்டையார்பேட்டை. என் அப்பா 40 வருஷம் கடலுக்குப் போனவர், கடைசிக் காலத்தில் எங்களோடு இருந்தார். 2017 நவம்பரில் விடாத மழை. படகு போகாத நாட்களில் எங்கள் வீட்டில் கருவாடுதான். என் பையன் அப்போது ஆறாம் வகுப்பு. ஒருநாள் அவன் யூனிஃபார்ம் சட்டைக்குள் பவுடரைக் கொட்டிப் பூசிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். "இன்னாடா இது?" என்று கேட்டால் பதில் இல்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னான். வகுப்பில் கருவாட்டு நாற்றம் வருகிறது என்று பக்கத்துப் பையன் சொல்ல, மிஸ் இவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டாராம். மூன்று நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். "இனிமே கருவாடு செய்யாதம்மா" என்றான்.

எதிரில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. தட்டில் இருந்த கருவாட்டுத் துண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த டீச்சரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு நாற்பது பிள்ளைகள், அவருடைய சங்கடம் அவருக்கு. ஆனால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். குழந்தையைத் தனியாக உட்கார வைத்திருக்க வேண்டாம்.

மறுநாள் வீட்டில் இருந்த துணி ஒவ்வொன்றையும் எடுத்து மோந்து பார்த்தேன். பீரோவில் மடித்து வைத்ததில் வாடை இல்லை. திரைச்சீலையில் இருந்தது. துவைத்துக் காய்ந்த யூனிஃபார்மில் அதைவிட அதிகமாக இருந்தது. எங்கள் துணிக்கொடி சமையலறை நிலையிலிருந்து கூடம் வரைக்கும் போகும். அடுப்புச் சூட்டில் சீக்கிரம் காயட்டும் என்று மழை நாட்களில் யூனிஃபார்மை அடுப்புப் பக்கமாகவே போடுவேன். இரண்டு ராத்திரி அங்கேயே தொங்கும். கருவாட்டை நிறுத்தவில்லை. கொடியைக் கழற்றி உள் அறையில் கட்டினேன். கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டுக் காயவைத்து, முக்கில் இருக்கும் இஸ்திரி வண்டியில் கொடுத்துத் தேய்த்து வாங்கினேன். கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர். ஒரே வாரத்தில் யூனிஃபார்ம் வாடை போய்விட்டது.

அதனால் முதலில் துணியைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேன். பலர் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஃபேனைப் போடுகிறார்கள். உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால் அது வெளியே எதைத் தள்ளும்? தூரத்து ஜன்னல் ஒன்றை நாலு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள், கொசுவலை அடித்திருந்தால் போதும். ஃபேனுக்கு ஒட்டின ஜன்னலைத் திறக்காதீர்கள். அந்தக் காற்றையே இழுத்து அதையே வெளியே விடும், அடுப்புப் புகை அப்படியே நிற்கும். தாளிப்பதற்கு முன்பே போட்டு, இறக்கின பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். இறக்கையில் பிசுக்கு ஏறியிருந்தால் பழைய வாடையெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஃபேன் இல்லை என்றாலும் அடுப்பு எரியும்போது சமையலறையை முழுக்க அடைக்காதீர்கள். வாடைக்காகச் சொல்லவில்லை, மூச்சுக்குக் காற்று வேண்டும்.

மீனைச் சந்தையிலேயே வெட்டி, செதிலும் செவுளும் அங்கேயே விட்டுவிட்டு வாங்கி வாருங்கள். காசிமேட்டில் வெட்டிக் கொடுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அந்தக் கூலிக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். வீட்டில் மஞ்சளும் உப்பும் போட்டு அலசி, கடைசியாகப் புளித்தண்ணீர். அம்மா செய்ததைத்தான் நானும் செய்தேன், காரணம் தெரியாது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி படிக்கும்போது அதே பையன்தான் சொன்னான். மீன் வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்திலமைன் என்கிற பொருளாம். அது அமிலத்துக்கு எதிரான காரப் பொருள். புளி, எலுமிச்சை, வினிகர் மாதிரி அமிலம் பட்டால் உப்பாக மாறிவிடும், காற்றில் பறக்காது. அதனால் மேடை, சிங்க், கத்தி எல்லாவற்றையும் சோப்புப் போடுவதற்கு முன்னால் புளிச்சக்கையால் தேயுங்கள்.

கருவாட்டுக்கு இன்னும் ஒன்று. மழை நாளில் வறுக்காதீர்கள், சுடாதீர்கள். வாடை எழும்புவதே அப்போதுதான். சுடுதண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுவின தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுப் புளிக்குழம்பாக மூடி வேகவையுங்கள். நெத்திலி, வாளை இரண்டுக்கும் சரியாக வரும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, பதினொரு மணிக்கு மேல் செய்யுங்கள். மார்கழிக் காலையில் காற்று அசையாது, சந்தில் புகை அப்படியே நிற்கும். வெயில் ஏறின பிறகு எல்லாம் மேலே போய்விடும்.

சாம்பிராணி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் வெள்ளிக்கிழமை போடுகிறவள்தான், சாமிக்குச் செய்வதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூடின வீட்டில் வாடையை மறைக்க அதைப் போட்டால் என் மாமியாருக்கு இழுப்பு வந்தது. ரூம் ஸ்ப்ரேவும் அப்படித்தான், இரண்டும் கலந்து தலைவலிதான் மிச்சம்.

"அக்கம்பக்கத்தில் மாலை போட்டிருக்கும் மாதத்தில் கருவாடு எதற்கு" என்று சிலர் எழுதுவீர்கள். எங்கள் எதிர்வீட்டில் வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். அவர்கள் பூஜை நேரத்தில் நான் அடுப்பில் மீன் வைப்பதில்லை. அந்த அக்கா என்னை ஒருநாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. என் அக்கா வீடு சின்னக்குப்பம். தூக்கத்தில் இருந்த பிள்ளைகளை எழுப்பி, முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தாள். அதே மாதம்தான் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிந்து, வலையும் படகும் கருப்பானது. மணலி ஆலைகள் பக்கமிருந்து ராத்திரியில் வரும் நெடியை நாங்கள் சின்ன வயசிலிருந்து சுவாசிக்கிறோம். அதற்கு ஜன்னலை மூடுவதைத் தவிர எங்கள் கையில் ஒன்றும் இல்லை. எங்கள் குழம்பு வாடைக்கு ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைக்க முடிகிறது. இந்த நெடிக்கு யாரை எங்கே உட்கார வைத்தார்கள்?

இன்றைக்குக் கொடியை மாற்றிக் கட்டுங்கள், ஃபேன் இறக்கையைக் கழுவுங்கள். ஒரு வாரம் கழித்தும் வாடை இருந்தால், சமையலறைக் கதவு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.