ஒரே நிறத்தில் ஒரு மாநிலம்

கேள்வி: 2024 மக்களவைத் தேர்தல் முடிவன்று தமிழ்நாடு முழுக்க ஒரே நிறத்தில் வரைபடம் போட்டார்கள். அந்த மாதிரிப் படங்களை நம்ப வேண்டாம் என்று எழுதுகிறீர்கள். திமுக கூட்டணி 39 தொகுதிக்கு 39 வென்றது உண்மைதானே? படத்தில் என்ன பொய்?
– வாசகர், விருதுநகர்

பதில்: 39-க்கு 39 உண்மை. அந்தப் படம் அதை மட்டும்தான் சொல்கிறது. நீங்களோ அதை வைத்துத் தமிழ்நாட்டு வாக்காளர்களின் மனத்தையே படித்துவிடுகிறீர்கள். என் சண்டை அதோடுதான்.

உங்கள் தொகுதியையே பாருங்கள். விருதுநகரில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், தேமுதிகவின் விஜய பிரபாகரனை வென்றது 4,379 வாக்குகளில். அதே காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் திருவள்ளூரில் வென்றது 5,72,155 வாக்குகளில். இரண்டு தொகுதிக்கும் படத்தில் ஒரே நிறம். இழுபறியும் ஒருபக்க அலையும் ஒன்றுபோலத் தெரிந்தால், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் ஊர் அரசியலைப் பற்றி என்ன பேச முடியும்?

மாநில அளவில் திமுக கூட்டணிக்குக் கிடைத்தது சுமார் 47 சதவீத வாக்கு. பாதிக்கு மேற்பட்டோர் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள். 20 சதவீதத்துக்கு மேல் வாங்கிய அதிமுகவுக்குப் படத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கட்சி பார்த்து இதைச் சொல்லவில்லை. 2014-இல் அதிமுக 44 சதவீத வாக்கில் 37 இடங்களை அள்ளியபோது, 23 சதவீதம் வாங்கிய திமுக படத்திலேயே இல்லை. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பத்து ஆண்டில் தமிழ்நாடே தலைகீழாக மாறிவிட்டதாகத்தான் தோன்றும். உண்மையில் இடம் பெயர்ந்த வாக்குகள் அதைவிட மிகக் குறைவு. கூட்டணிகள் மாறியதும், எதிரணி வாக்குகள் பிரிந்ததும், அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற நம் தேர்தல் முறையும் சேர்ந்து செய்த வேலை அது.

கூட்டணி நிறத்தை எடுத்துவிட்டுக் கட்சி நிறம் பூசினாலே 2024 படம் வேறாகிவிடும்: திமுக 22, காங்கிரஸ் 9, மீதி எட்டு இடங்களில் விசிக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், மதிமுக, முஸ்லிம் லீக். முடிவு ஒன்றுதான். எந்த நிறத்தைப் பூசுவது என்று ஒருவர் எடுத்த தீர்மானம் மாறினால், நீங்கள் காணும் மாநிலமும் மாறுகிறது.

இந்தியப் படத்துக்குப் போனால் பரப்பளவு என்ற இன்னொரு கோளாறு. லடாக் தொகுதியின் பரப்பு சுமார் 1,73,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மொத்தமே 1,30,000தான். ஆனால் லடாக்கின் வாக்காளர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. சென்னையின் மூன்று தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் 13 லட்சத்துக்கு மேல். படத்தில் சென்னையைத் தேட வேண்டும், லடாக் கண்ணை நிறைக்கும். 2014-இல் அங்கே பாஜக வென்றது 36 வாக்குகளில். அந்த 36 வாக்குகள் தமிழ்நாட்டைவிடப் பெரிய நிலப்பரப்பைக் காவியாக்கின. 2024-இல் ஒரு சுயேச்சை வென்றதும் அதே நிலம் 'மற்றவை' நிறத்துக்குப் போனது.

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடங்களைக் காட்ட வேண்டுமா, தொகுதிக்கு ஓர் அறுகோணம் என்று ஒரே அளவில் வரையலாம். லடாக்கும் தென்சென்னையும் சமமாக நிற்கும். வாக்குகளைக் காட்ட வேண்டுமா, வித்தியாசம் குறையக் குறைய நிறத்தை வெளிறவிடலாம். அல்லது பத்தாயிரம் வாக்குக்கு ஒரு புள்ளி என்று தோற்றவர்களுக்கும் சேர்த்து வைக்கலாம். அறுகோணப் படத்தில் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பார்கள். நியாயமான குறைதான், கட்டத்துக்குள் தொகுதியின் பெயரை எழுதிவிட்டால் பெருமளவு தீர்ந்துவிடும்.