வழக்கம்போல திரும்பிப் பார்த்தான்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகன்தான் பள்ளி பேஸ்பால் அணியிலேயே வேகமாக ஓடுபவன். போன வாரம் கடைசி இன்னிங்ஸில் இரண்டு ரன் பின்தங்கியிருந்தார்கள், இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் நின்றவன், வழக்கம்போல நான் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பந்தை யாரும் அடிக்கும் முன்பே இரண்டாவது பேஸைப் பிடிக்க, அதாவது 'திருட', ஓடினான். அவுட். மூன்று அவுட் ஆனதால் ஆட்டமே முடிந்துவிட்டது. "யார் உன்னை ஓடச் சொன்னது?" என்று கோச் எல்லோர் முன்னாலும் கத்தினார். இவன் வாயே திறக்கவில்லை. எப்போது ஓடலாம், எப்போது கூடாது என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? கோச்சிடம் நான் பேசலாமா?

பதில்: ஸ்பெல்லிங் பீ, பாட்டு அரங்கேற்றம், இப்போது பேஸ்பால். மேடைதான் மாறுகிறது, எனக்கு வரும் கடிதம் மாறுவதில்லை.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஓடியிருக்கவே கூடாது. இரண்டு ரன் பின்தங்கியிருக்கும்போது உங்கள் மகன் பேஸ்களைச் சுற்றி ஹோமுக்கு வந்து சேர்ந்தாலும் கிடைப்பது ஒரு ரன்தான், ஆட்டம் சமனாகாது. அவனுக்குப் பின்னால் மட்டையோடு நிற்கிறானே, அவனும் வந்தாக வேண்டும். ஓடிப் பிழைத்தால் லாபம் சில்லறை. மாட்டினால் ஆட்டமே போச்சு. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான உலகத் தொடரில், 1926-ன் கடைசி ஆட்டத்தில், யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் பேப் ரூத் இப்படித்தான் இரண்டாவது பேஸுக்கு ஓடி மாட்டினார், தொடரே அதோடு முடிந்தது. அப்போது யாங்கீஸ் பின்தங்கியிருந்தது ஒரே ஒரு ரன்தான், அவர் வந்திருந்தால் சமன். அதற்கே மனிதரை இன்னும் விட்டபாடில்லை.

மற்றபடி இது நொடிக் கணக்கு. பேஸுக்கு பேஸ் 90 அடி. பள்ளி அளவில், பந்து போடும் பிட்சர் அசைய ஆரம்பித்ததிலிருந்து பந்து பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் கைக்குப் போக ஏறக்குறைய 1.4 நொடி, அங்கிருந்து இரண்டாவது பேஸுக்கு வர 2 நொடியும் கொஞ்சமும். கூட்டினால் மூன்றரை. நன்றாக லீட் எடுத்த, அதாவது முன்கூட்டியே பேஸை விட்டுச் சில அடி தள்ளி நிற்கும், வேகக்காரப் பையனுக்கும் கிட்டத்தட்ட அதேதான் ஆகும். ஆகவே திருட்டு காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. வலது கை பிட்சரின் பின்னங்கால் முதலில் அசைந்தால் பந்து முதல் பேஸுக்கு வரும், பாய்ந்து திரும்ப வேண்டும். முன்னங்காலின் குதிகால் எழுந்தால் பேட்டருக்குப் போடப்போகிறான், கிளம்பலாம். இடது கைக்காரன் ஓடுபவனை நேராகப் பார்த்தபடியே நிற்பான், அங்கே இன்னும் ஜாக்கிரதை.

சரி, அந்தக் குதிகால் எழும் நேரத்தில் உங்கள் மகனின் கண் எங்கே இருந்தது?

நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "வழக்கம்போல." கடிதம் முழுவதிலும் எனக்கு அந்த ஒரு சொல்தான் கண்ணை உறுத்துகிறது. பதினாறு பதினேழு வயதுப் பையன், மூன்றாவது பேஸ் ஓரம் சைகை காட்ட ஒரு கோச் நிற்கும்போது, அவரை விட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகத்தைத் தேடுகிறான். இது ஒருநாளில் வந்த பழக்கம் இல்லை. நீங்கள் பழக்கியது. அவன் திரும்பியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. தலையை ஆட்டியிருப்பீர்கள். "போ" என்று.

அப்புறம், கோச் கேட்டபோது அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை? யோசித்தீர்களா? "அப்பா சொன்னார்" என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் உங்கள் மானம் போகும். பிள்ளை அந்த வசவை உங்களுக்காக வாங்கிக்கொண்டு நின்றான். நீங்களோ அதே கோச்சிடம் பேசலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். பேசுங்கள், தாராளமாக. "ஓடச் சொன்னது நான்தான் சார்" என்று பேசுங்கள். வேறு எதுவும் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

இதைச் சொல்ல எனக்கும் தகுதி வந்தது பட்ட பிறகுதான். என் மகள் மேடையில் கல்பனாஸ்வரம் பாடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் முதல் வரிசையில் இருக்கும் என்னைப் பார்ப்பாள். நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பேன், பெருமையாக. ஒருநாள் என் கை தப்பியது, அவளும் கூடவே தப்பினாள். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. வாத்தியாரிடம் ஒப்படைத்த பிள்ளை அந்த இரண்டு மணி நேரம் வாத்தியாருடைய பிள்ளை. நம் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்களே, அதில் ஒரு மரியாதை இருந்தது.

மாட்டுவது பாவம் இல்லை. 1982-ல், பேஸ் திருடுவதில் பெயர்போன ரிக்கி ஹெண்டர்சன் 130 பேஸ் திருடினார், அதே வருஷம் 42 தடவை மாட்டவும் செய்தார். ஆனால் எந்தப் பந்துக்குக் கிளம்பலாம் என்பதை அவர் பிட்சரைப் பார்த்து முடிவு செய்தார்.

அடுத்த ஆட்டத்துக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரைட் ஃபீல்ட் கோடியில் வேலியோரம் போய் உட்காருங்கள். முதல் பேஸில் நிற்பவனுக்கு அது முதுகுப் பக்கம். இரண்டு மூன்று ஆட்டம் உங்களைத் தேடுவான். தேடுகிற நேரத்தில் ஒருமுறை பிட்சர் அவனைப் பிடித்தும் விடுவான். அப்போது எழுந்து நிற்காதீர்கள். வீடு திரும்பும்போது காரில் அவனாகப் பேச்சை எடுத்தாலொழிய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.