கிறிஸ்தவத்தில் காலம் வெறும் நேர்கோடுதானா?

இந்து சமயத்தில் யுகங்கள் சுழன்று வரும், கிறிஸ்தவத்தில் காலம் ஒரே நேர்கோடு என்கிறார்களே, அது சரியா, கோடு என்றால் முடிகிற தேதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி சரி. படைப்பில் தொடங்கி இறுதித் தீர்ப்பில் போய் முடிகிற கதை என்ற அளவில் கோடுதான். கிறிஸ்து ஒரே தரம் பலியானார் என்று புதிய ஏற்பாட்டின் எபிரேயர் நிருபம் 9ஆம் அதிகாரம் அழுத்திச் சொல்கிறது. எல்லாம் திரும்பத் திரும்ப நடக்கும் என்ற பழைய தத்துவவாதிகளின் கருத்தை 5ஆம் நூற்றாண்டில் இறையியலாளரான புனித அகுஸ்தினார் தள்ளியதும் இதை வைத்துத்தான். ஒவ்வொரு சுற்றிலும் சிலுவையில் சாகவேண்டும் என்றால் மீட்புக்கு என்ன பெறுமதி?

ஆனால் கோடு மட்டும்தான் என்றால், மட்டக்களப்பில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் வருஷம் முழுக்க நடப்பது எதுவுமே விளங்காது. நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம், நத்தார் (கிறிஸ்மஸ்), தவக்காலம், பாஸ்கா (உயிர்ப்பு விழா) என்று அங்கே எல்லாம் வட்டம்தான். உயிர்த்த ஞாயிறுகூட (ஈஸ்டர்), மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் பூரணைக்கு அடுத்த ஞாயிறு. நம்ம பக்கம் கண்ணகி அம்மன் சடங்கு வைகாசிப் பூரணையை ஒட்டி வருகிற மாதிரி இதுவும் நிலாவைப் பார்த்துத்தான் நகர்கிறது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய சனி இரவுப் பூசைக்கு ஒருக்கால் வந்து பாருங்கள், எந்தச் சமயமானாலும் பரவாயில்லை. வெளியே தீ மூட்டி, பாதர் பாஸ்காத் திரி என்ற பெரிய மெழுகுதிரியில் சிலுவை கீறி, மேலே முதல் எழுத்தான அகரமும் கீழே கடைசி எழுத்தான னகரமும் போட்டு, சிலுவையின் நான்கு மூலைக்குள்ளும் அந்த வருஷத்தின் நான்கு இலக்கங்களை எழுதுவார் (இப்போதெல்லாம் பல இடங்களில் அச்சடித்த திரியே வந்துவிடுகிறது, எனக்கு அது பிடிப்பதில்லை). நேற்றும் இன்றும் கிறிஸ்துவே, காலமெல்லாம் அவருடையது என்று சொல்லிச் சொல்லித்தான் கீறுவார். பிறகு பாடுகிற பாஸ்காப் புகழுரை, இஸ்ரயேலர் எகிப்திலிருந்து தப்பிச் செங்கடலைக் கடந்ததையும் கிறிஸ்து உயிர்த்ததையும் 'இந்த இரவு' என்றே பாடும், ஏதோ எப்போதோ நடந்து முடிந்த கதையாக அல்ல.

கடவுளோ இந்தக் கோடு, வட்டம் எதற்குள்ளும் இல்லை. படைப்புக்கு முதல் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டவர்களுக்கு அகுஸ்தினார் சொன்ன பதில்: காலமும் படைக்கப்பட்டதுதான், ஆகவே அங்கே 'முதல்' என்பதே கிடையாது. இப்படித் துருவுகிறவர்களுக்கு நரகம் கட்டிக்கொண்டிருந்தார் என்று ஒருவர் பகிடி விட்டதையும் எழுதிவிட்டு, தான் அப்படிச் சொல்லமாட்டேன் என்கிறார் மனுஷன்.

தேதி விஷயம் சுருக்கம். அந்த நாள் வானதூதருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது, தந்தைக்கு மட்டுமே தெரியும் என்று மாற்கு நற்செய்தி 13:32இல் இயேசுவே சொல்கிறார். வாட்ஸ்அப்பில் தேதி போட்டு அனுப்புகிறவர்களுக்கு இந்த வசனத்தையே திருப்பி அனுப்புங்கள்.